திருடனைக் கண்டுபிடிக்கும் ஆட்டம்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, குமாரசாமி வீட்டு மாடியில் விஸ்கி ஆட்டம் நடக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர் அவர். கூட ஆடுகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் பரமசிவம், இன்னொருவர் பல் டாக்டர் இளங்கோவன். குடித்துவிட்டு உளறும் கூட்டமில்லை அது. டம்ளரில் வாய் நனைகிற அளவுதான் ஊற்றுவார்கள். முகர்ந்து பார்த்து, நாக்கில் உருட்டி, நடுவே தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள்.

ஆளுக்கு ஒரு புட்டி கொண்டுவர வேண்டும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற சொந்தக்காரர்கள் வாங்கி வந்ததாக இருக்கும். நாலாவதாக உள்ளூர்க் கடையில் கிடைக்கிற மலிவுச் சரக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குத் ‘திருடன்’ என்று பேர். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாமே எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். எந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்பது ஊற்றுகிறவருக்கு மட்டுமே தெரியும். ஊற்றுவது குமாரசாமியின் மனைவி துர்கா. எந்த டம்ளரில் எந்த விஸ்கி என்று சரியாகச் சொல்ல வேண்டும், முக்கியமாகத் திருடன் எதிலிருக்கிறான் என்று சொல்ல வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான்.

இளங்கோவன் பாதி சரியாகச் சொல்வார். பரமசிவம் அதுவும் சொல்லமாட்டார். குமாரசாமி மட்டும் ஒருமுறைகூடத் தவறியதில்லை. கடைசி ஆளாகத்தான் வாயைத் திறப்பார். நாலையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, “திருடன புடிச்சிட்டேன்” என்று டம்ளரை நகர்த்தி வைப்பார். மாடியில் சிரிப்புக் கிளம்பும். அடுத்த நாள் கடைவீதியில், “குமாரசாமி கண்ணு மட்டுமில்லபா, நாக்கும் தப்பாது” என்று பேசிக்கொள்வார்கள்.

அந்த நாக்கின் ரகசியம் துர்காவுக்குத் தெரியும். முதல் ஆட்டத்தன்றைக்கே குமாரசாமி சமையலறைக்கு வந்து, அலமாரியில் புட்டிகள் நிற்கிற அதே வரிசையில் தன் தட்டில் டம்ளர்களை அடுக்கச் சொல்லிவிட்டார். “சும்மா ஒரு தமாஷுக்கு. ரெண்டு பேரையும் கொஞ்சம் சுத்த வுடலாம்” என்றார். அவளும் சிரித்துக்கொண்டே செய்தாள். அதற்குப் பிறகு அது தமாஷாக இருக்கவில்லை, வழக்கமாகிவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து அலமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

திருடன் என்ற பேரை வைத்தவரும் அவர்தான். அந்தச் சொல் மாடியில் கேட்கும்போதெல்லாம் துர்காவுக்குத் தன் தம்பி முகம் நினைவுக்கு வரும்.

தம்பி உதயகுமார் படிப்பு முடித்த கையோடு தென்னேரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்து, மாமாவின் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தவன். சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுப்பது அவன் வேலை. ஒருநாள் ஆற்காட்டிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தச் சேலையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தது. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் கரையிலும் முந்தானையிலும் ஜரிகை கருத்துப்போயிருந்தது. சுத்த ஜரிகை என்று சொல்லி விற்ற சேலை அது. பெண்ணின் அப்பா கடை நடுவில் நின்று சத்தம் போட்டார். சங்க வேலையாக வந்திருந்த பரமசிவமும், அவரோடு வந்த இளங்கோவனும் அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

குமாரசாமி பதறவில்லை. சேலையை வாங்கி ஜரிகையை நகத்தால் சுரண்டினார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார்.

“இது நான் வித்த சேல இல்ல. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க” என்றார். பிறகு மெதுவாக மச்சானைத் திரும்பிப் பார்த்தார். “பெட்டி கட்டினது நீதானப்பா?”

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஜரிகையில் தகராறு வந்தால் சங்கத்தில் அவரைக் கூப்பிட்டுத்தான் தீர்ப்புக் கேட்பார்கள். அவர் பார்த்துச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. உதயகுமார் அழுதான், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். “மச்சானாச்சேன்னு போலீசுக்குப் போகல” என்று குமாரசாமி சொன்னதை எல்லாரும் பெருந்தன்மை என்றார்கள். வாலாஜாபாத்தில் நிச்சயம் செய்திருந்த பெண்வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். உதயகுமார் சேலம் பக்கம் ஒரு விசைத்தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவர்கள் அம்மா இந்திராணி அதற்குப் பிறகு மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. “எம்புள்ளய திருடன்னு சொன்ன வீட்ல எனக்குத் தண்ணி எறங்காது” என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே தென்னேரியில் தனியாக இருந்து செத்துப்போனாள். மகன் கொள்ளி வைக்கும்போதுகூடப் பின்னால் நின்ற இரண்டு பேர் சேலை விஷயத்தைக் கிசுகிசுத்தார்கள். அது துர்காவின் காதில் விழுந்தது.

துர்கா தம்பியைச் சந்தேகப்பட்டதே இல்லை. புருஷனையும் சந்தேகப்படவில்லை. கடையில் வேறு யாரோ செய்த வேலை, அவர் கண் அந்த ஒருமுறை ஆளைத் தப்பாகக் காட்டிவிட்டது என்றே நினைத்திருந்தாள்.

ஜரிகை வியாபாரி அப்துல் ரஹ்மான் தன் மகள் ஷிஃபாவின் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். குமாரசாமிக்கு வேறு வேலை இருந்ததால் துர்கா மட்டும் போனாள். பந்தி முடிந்து கிளம்பும்போது பாய் வாசல்வரை வந்தார். பேச்சுவாக்கில் உதயகுமாரைப் பற்றிக் கேட்டார்.

“சேலத்துல இருக்கான் பாய். இன்னும் கல்யாணம் ஆகல” என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “பாவம்மா அந்தப் புள்ள. அந்த வருஷம் அண்ணன் எங்கிட்ட ஜரிகை வாங்கறதயே நிறுத்திட்டாரு. வேற எடத்துல ஹாஃப் ஃபைன்னு வெள்ளி கொறஞ்ச மட்ட ஜரிகைய எடுத்தாரு. கருத்துப் பூடும்ண்ணே, முகூர்த்தச் சேலைக்குப் போடாதீங்கன்னு நான் கடைக்கே போயி சொன்னேன். எவன் கண்டுபுடிக்கப் போறான் பாய்னு சிரிச்சாரு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்மா.”

ஆட்டோவில் வரும்போது துர்கா கையிலிருந்த தாம்பூலப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டில் இறங்கிப் பார்த்தபோது உள்ளேயிருந்த பழம் நசுங்கியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே புருஷனிடம் கேட்டாள். அவர் மறுக்கக்கூட இல்லை. டீவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார்.

“வியாபாரத்துல யாரு தலையிலயாவது வுழணும் துர்கா. என் தலையில வுழுந்திருந்தா கடையே போயிருக்கும். உன் தம்பி சின்னப் பையன், எங்க போனாலும் பொழச்சுப்பான்.”

“எங்கம்மா பொழைக்கலையே.”

“அவங்க வயசாகிப் போனாங்க. அதுக்கும் நாந்தானா?”

“வெளிய சொல்லிடுவேன்.”

“சொல்லேன்” என்றார். கோபமே இல்லை அவருக்கு. “உன் தம்பிக்காகப் பேசறன்னு சொல்லுவாங்க. பாய் எங்கிட்ட யாவாரம் போன கோவத்துல பேசறாருன்னு சொல்லுவாங்க. இந்த ஊரு என் கண்ண நம்புது. உன்ன எவன் நம்பப் போறான்?”

டீவி சத்தத்தை மறுபடி கூட்டிக்கொண்டார். துர்கா எழுந்துபோய் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். அன்றிரவு அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவளுக்கு அழுகை வரவில்லை. இவரைக் கொல்ல வேண்டாம், பிரிந்து போகவும் வேண்டாம், இந்த ஊர் எதை நம்புகிறதோ அதை இவரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. மாடியில் மாதாமாதம் அது தன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது என்பதும் தோன்றியது.

அவசரப்படவில்லை. வழக்கம்போல ஊற்றினாள், வழக்கம்போல அடுக்கினாள். மாடியிலிருந்து “திருடன புடிச்சிட்டேன்” என்று கேட்கும்போது வறுத்த கடலையைத் தட்டில் கொட்டிக்கொண்டிருப்பாள். கை நிற்காது.

அவள் காத்திருந்தது வந்தது. ஜரிகைத் தகராறுகள் கூடிப்போனதால் சங்கத்தில் ஒரு பரிசோதனைக் குழு போடுவதென்று முடிவானது. அதற்குக் குமாரசாமிதான் தலைவர் என்று பரமசிவம் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கூட்டத்தில் அறிவிக்கப் போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் அந்த மாத ஆட்டத்துக்குக் குமாரசாமி ஜப்பானிலிருந்து ஒரு புட்டி வரவழைத்திருந்தார். இளங்கோவன் கொண்டுவந்தது ஸ்காட்லாந்துத் தீவு விஸ்கி. மூடியைத் திறந்தாலே விறகுப் புகை மணக்கும். பரமசிவத்தினுடையது உலர்ந்த திராட்சை வாசனை அடிக்கிற ஒன்று.

குமாரசாமி தண்ணீர் குடிக்க வந்தார். அலமாரியைப் பார்த்தார். புகை விஸ்கி, திராட்சை விஸ்கி, ஜப்பான், கடைசியில் திருடன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு படியேறினார்.

துர்கா மற்ற இரண்டு தட்டுகளிலும் நாலு விஸ்கியையும் ஒழுங்காக ஊற்றினாள். புருஷனின் தட்டில் இருந்த நாலு டம்ளரிலும் திருடனையே ஊற்றினாள். மூன்று தட்டையும் மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வழக்கம்போல் கீழே இறங்காமல், கதவோரம் நின்றாள்.

மற்ற இருவர் தட்டிலிருந்தும் எழுந்த புகை வாசனை அறை முழுக்க இருந்தது. குமாரசாமி தன் முதல் டம்ளரை முகர்ந்தார். நெற்றி ஒரு நொடி சுருங்கியது. கதவுப் பக்கம் பார்த்தார். துர்கா அவரை நேராகப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார்.

இளங்கோவன் முதலில் சொன்னார். பிறகு பரமசிவம் சொன்னார். குமாரசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்த முதல் டம்ளரு டாக்டரோடது. புகை எடுத்த எடுப்புல தெரியாது. முழுங்கின பின்னாடி மெதுவா வரும். அதுதான் ஒசத்தி. ஒன்பது போடறேன். ரெண்டாவது அண்ணனோடது, நல்ல திராட்சை வாசன, எட்டு. மூணாவது என்னோடது. பட்டு மாதிரி வழுக்கிக்கினு போவுது. ஒன்பதரை.” நாலாவது டம்ளரை விரல் நுனியால் தள்ளினார். “இது திருடன். மோந்தாலே தொண்ட எரியுது. நாக்குல வெக்கவே முடியல. ஒரு மார்க்குகூட அதிகம். புடிச்சிட்டேன்.”

பரமசிவம் தொடையைத் தட்டிச் சிரித்தார். “குழுவுக்கு வேற ஆளே தேவயில்லபா. உன் நாக்க அனுப்பினா போதும்.” பிறகு கதவுப் பக்கம் திரும்பி, “விடைய சொல்லும்மா” என்றார்.

துர்கா உள்ளே வந்தாள். “டாக்டருக்கு ரெண்டு சரி. அண்ணனுக்கு ஒன்னுதான் சரி” என்றாள். “இவருக்கும் ஒன்னு சரி. கடைசி டம்ளரு திருடன்தான். ஆனா மத்த மூணும் அதேதான். நாலுலயும் ஒரே சரக்குதான் ஊத்தியிருக்கேன்.”

குமாரசாமிதான் முதலில் சிரிக்கப் பார்த்தார். “இன்னா வெளயாட்டு இது. இவ தட்ட மாத்தி வெச்சிட்டா போல.”

“நாலும் தட்டுலயேதான இருக்குது. டாக்டர் தம்பி குடிச்சுப் பாக்கட்டும்.”

இளங்கோவன் தயங்கினார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, குமாரசாமியின் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார், ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். மூன்றாவதோடு நிறுத்திவிட்டுத் தன் தட்டிலிருந்த புகை விஸ்கியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“புகையே இல்ல அண்ணே” என்றார் மெதுவாக. “மூணும் ஒன்னுதான்.”

“அப்ப இத்தன நாளா?” என்று பரமசிவம் கேட்டார். கேள்வி துர்காவைப் பார்த்து வந்தது.

“அலமாரியில புட்டி நிக்கற வரிசையில இவரு தட்ட அடுக்குவேன். தண்ணி குடிக்க வர மாதிரி வந்து பாத்துக்கினு போவாரு. இன்னிக்கும் வந்தாரு. வரிசையத்தான் ஒப்பிச்சாரு. இல்லாத புகை இவருக்குத் தெரிஞ்சுது.”

குமாரசாமி எழுந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. “கீழ போ துர்கா.”

“போறேன். அதுக்கு முன்னாடி ஒன்னு. கடையில அன்னிக்கும் நீங்க ரெண்டு பேருந்தான் உக்காந்திருந்தீங்க. எந்தம்பிய திருடன்னு இவரு சொன்னத நம்பினீங்க. அந்தச் சேலைக்கு இவரே தெரிஞ்சு ஹாஃப் ஃபைன் போட்டிருந்தாரு. போடாதீங்கன்னு சொன்ன ஆளு அப்துல் ரஹ்மான் பாய். உங்ககிட்ட போன் இருக்குது, கேளுங்க.”

“குடும்பச் சண்டைய இங்க எதுக்கும்மா” என்று பரமசிவம் ஆரம்பித்தார். ஆனால் அவர் கண் அந்த நாலு டம்ளர்களையும் விட்டு நகரவில்லை. பிறகு போனை எடுத்தார். பாயிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, “எங்கிட்ட கூடச் சொல்லியிருக்கலாமேப்பா குமாரசாமி” என்றார்.

“அவரு எம்மேல பொறாமையில பேசறாரு.”

“இருக்கலாம். ஆனா ஒன்னு சொல்லு. அந்த முதல் டம்ளருல புகை இருந்துச்சா, இல்லயா?”

குமாரசாமி டம்ளரைத் தட்டோடு தள்ளி வைத்தார். பரமசிவம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். இளங்கோவன் வாசலில் துர்காவிடம், “அன்னிக்கு நானும் தலையாட்டிட்டேன் அண்ணி” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அவர்கள் போனதும் குமாரசாமி, “வீட்ட வுட்டுப் போயிடு” என்றார்.

“போறதா இருந்தா எதுவும் பண்ணாமலே போயிருப்பேன்” என்றாள் துர்கா. “இங்க இருந்து பாக்கணும் எனக்கு.”

பார்த்தாள். சங்கக் கூட்டத்தில் குழுத் தலைவர் பேர் அறிவிக்கப்படவில்லை. சேலையை மெஷினில் வைத்துச் சோதித்தால் போதும், கண்ணால் பார்த்துச் சொல்வதெல்லாம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். தகராறு என்று யாரும் குமாரசாமியைக் கூப்பிடுவதில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவர் ‘சுத்த ஜரிகை’ என்று சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைவீதியில் நடந்தால் டீக்கடையில் பேச்சு நிற்கும். நின்ற பேச்சு அவர் கடந்ததும் சிரிப்பாகத் தொடரும். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்துகொண்டே, அதெல்லாம் விளையாட்டுக்குச் செய்தது என்று பரமசிவத்திடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். துர்கா ரசத்தை ஊற்றினாள். அடுத்த நாளும் கேட்டார். அவர் கேட்கக் கேட்க அவளுக்கு நன்றாகப் பசித்தது.

தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். “அம்மா இருக்கறப்ப தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா” என்றான். அவன் குறைசொல்லவில்லை, வருத்தத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு, ஆறிவிட்டதென்று அவள் நினைத்திருந்தது மறுபடி கொதிக்கத் தொடங்கியது.

கடையில் ஆர்டர்கள் நின்றுபோனபோது குமாரசாமி பரமசிவத்தைப் போய்ப் பார்த்தார். பரமசிவம் சுருக்கமாகச் சொன்னார். “மொதல்ல அந்தப் பையன் பேர சரி பண்ணு. பப்ளிக்கா பண்ணு. அப்பறம் சங்கத்துல பேசலாம்.”

குமாரசாமி வீட்டுக்கு வந்து துர்காவின் எதிரில் உட்கார்ந்தார். “உனக்கு இன்னா வேணும்? சொல்லு, பண்றேன்.”

“தென்னேரிக்கு வாங்க. அம்மாவுக்குத் திதி வருது. அவங்க வாசல்ல நின்னு, அந்தத் தெருக்காரங்க முன்னாடி சொல்லுங்க.”

கடைக்காகத்தான் அவர் ஒப்புக்கொள்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் மனசு வருந்த வேண்டுமென்று அவள் கேட்கவுமில்லை. வருந்தினால் அது அவர் பாடு.

திதியன்று காலையிலேயே உதயகுமார் வந்துவிட்டான். ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. படையல் முடிந்து சாப்பிட உட்காருவதற்கு முன், தெருவில் இருந்தவர்களையெல்லாம் துர்காவே வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருந்தாள். கொள்ளி வைத்த அன்று கிசுகிசுத்த இரண்டு பேரையும் மறக்காமல் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்திருந்தாள். எதிர்வீட்டுக் கலாவதி, இந்திராணிக்குக் கடைசிக் காலத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்தவள், கைகளைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றாள்.

குமாரசாமி வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்தச் சேலைய உதயன் மாத்தல. ஜரிகை மட்டம்னு தெரிஞ்சுதான் நான் வித்தேன். பழிய அவன் மேல போட்டேன்.”

“இன்னா சொல்றாரு?” என்றாள் கலாவதி. “இங்க ஒன்னும் கேக்கலயே.”

குமாரசாமி துர்காவைப் பார்த்தார். அவள் முகத்தில் எதுவும் இல்லை. தலையைத் தூக்கி, கொஞ்சம் சத்தமாக, மறுபடி முதலிலிருந்து சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது.

உதயகுமாருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அக்காவின் பக்கத்தில் வந்து, “போதும்க்கா, உள்ள கூப்புடு. சாப்படட்டும்” என்றான்.

துர்கா தம்பியின் கையைத் தன் தோளிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். தெருக்கோடியிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள்.

“அவங்களும் வந்துடட்டும்” என்றாள். “இன்னொரு தடவ சொல்லட்டும்.”